தந்தை இருக்கும் இடமெல்லாம்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்ற நம்மவரில், பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுச் சென்றவர்கள் எத்தனையோ பேர். தந்தை அனுப்பும் பணமே அக்குழந்தைகளுக்குச் சோறும் துணியும் பள்ளிக்கூடமும் ஆயிற்று. அப்பணம் நின்றுபோனால் குழந்தை யாரிடம் முறையிடும்? இக்கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் விடை கண்ட வரலாற்றை நாம் சிறிது நோக்குவோம்.

1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488-ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. வசதியுள்ள ஒருவன் தன் மனைவியையோ குழந்தையையோ காப்பாற்ற மறுத்தால், மாஜிஸ்டிரேட் மாதந்தோறும் ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவிடலாம் என்று அது கூறியது. குழந்தை முறைப்படி நடந்த மணத்தில் பிறந்ததா, அல்லவா என்று அது பேதம் பார்க்கவில்லை. பெற்றோர் எந்த மதத்தினராயினும் அது பொருந்திற்று. பெற்றோரின் பிணக்கு எதுவாயினும் குழந்தையின் பசி ஒன்றுதான் என்பதை அச்சட்டம் அன்றே உணர்ந்திருந்தது எனலாம்.

ஆனால் கை கொடுத்த சட்டமே கையைக் கட்டியும் வைத்தது. ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு முதலில் மாதம் 50 ரூபாய். 1923-இல் 100 ரூபாய். 1955-இல் 500 ரூபாய். 1973-இல் புதிய சட்டம் பிறந்து, 488-ஆம் பிரிவு 125-ஆம் பிரிவாக மாறிய போதும் அந்த 500 ரூபாய் அப்படியே நின்றது. அரிசி விலையும் பள்ளிச் செலவும் ஏறிக்கொண்டே போயின. 2001-இல்தான் பாராளுமன்றம் அவ்வரம்பை அடியோடு நீக்கியது. வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சம் பெறவும் அத்திருத்தமே வழி செய்தது.

தொகையைப் போலவே தூரமும் ஒரு தடையாயிற்று. ஆப்பிரிக்காவில் உத்தியோகம் பார்த்த ஒருவர், விடுப்பில் தாயகம் வந்து, லூதியானா மாவட்டத்தில் தம் தாயின் வீட்டில் மனைவியோடு சில காலம் தங்கினார். பின்னர் மனைவியும் மகளும் அங்கேயே ஜீவனாம்ச வழக்குத் தொடுத்தனர். அவருடைய வாசஸ்தலம் ஆப்பிரிக்காவன்றோ என்ற வாதம் எழுந்தது. 1963-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழிப்போக்காக வந்து போவது வேறு. சில காலமேனும் கருதித் தங்குவது வேறு. பின்னது வாசமே ஆகும் என்று தீர்ப்பளித்தது.

நம்மவர்க்கு இன்னும் பயன்தரும் விதி ஒன்றுண்டு. திருநெல்வேலியில் பிறந்த உத்தரவை, தந்தை மும்பையில் இருந்தால் மும்பை மாஜிஸ்டிரேட்டே நிறைவேற்றலாம். இது 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. செலுத்தாத பாக்கிக்குச் சிறைவாசமும் உண்டு. சிறை சென்றதால் பாக்கி தீர்ந்துவிடாது என்றும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆயினும் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்றத்தை அணுக வேண்டும், வாளாவிருத்தல் கூடாது.

2020-இல் உச்ச நீதிமன்றம், மனுச் செய்த நாள் முதலே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும், இரு தரப்பாரும் தத்தம் வருவாயையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவ்வுரிமை 144-ஆம் பிரிவாக விளங்குகிறது.

பிரிவின் எண் மாறிற்று, தொகை மாறிற்று, கடமை மாறவில்லை. ஊர் விட்டு ஊர் போகலாம், மாநிலம் விட்டு மாநிலம் போகலாம். பெற்ற கடனை விட்டுப் போக இயலாது. ஜீவனாம்சம் யாசகமன்று, குழந்தையின் உரிமை என்பதை நாம் அறிந்திருப்போம். அறியாத தாய்மார்க்கும் எடுத்துரைப்போம்.