பால் கெரெஸ்: ஒரு பலகை, இரு கொடிகள்

பால் கெரெஸைச் 'சோவியத் கிராண்ட்மாஸ்டர்' என்று குறிப்பிடுவது சதுரங்க நூல்களின் வழக்கம். அவ்வடைமொழி அவருடைய வாழ்வின் ஒரு பகுதியையே சுட்டுகிறது. ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த நார்வாவில் 1916இல் பிறந்த அவர், சுதந்திர எஸ்தோனியாவில் வளர்ந்து, தார்த்து பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர். 1938இல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டியில் ரூபன் ஃபைனுடன் சமபுள்ளி பெற்று, சமன்முறிப்பு விதிப்படி முதல்வரானார். பொத்வின்னிக், அலேகின், காபபிளாங்கா ஆகியோர் அவருக்குப் பின்னால் நின்றனர். உலகப் பட்டத்துக்கு அவரே அடுத்த உரிமையாளர் எனக் கருதப்பட்ட வேளையில் போர் மூண்டது.

1940இல் சோவியத் ஒன்றியம் எஸ்தோனியாவை இணைத்துக்கொண்டது. 1941இல் ஜெர்மானியப் படை புகுந்தது. 1944இல் சோவியத் ஆட்சி திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஜெர்மானியர் நடத்திய போட்டிகளில் கெரெஸ் ஆடியிருந்தார். திரும்பி வந்த ஆட்சியின் ஐயத்துக்கு அதுவே போதுமானதாயிற்று.

1948ஆம் ஆண்டு உலகப் பட்டப் போட்டியில் பொத்வின்னிக்கிடம் முதல் நான்கு ஆட்டங்களிலும் கெரெஸ் தோற்றார். பட்டம் முடிவான பின் நடந்த ஐந்தாவதில் வென்றார். தோற்குமாறு பணிக்கப்பட்டாரா என்னும் விவாதம் இன்றளவும் ஓயவில்லை. ஆட்டக் குறிப்புகளைச் சான்றாகக் காட்டுவோர் ஒன்றை மறக்கின்றனர்: குறிப்பில் நகர்வு மட்டுமே பதிவாகும், அதன் காரணம் பதிவாகாது. கட்டளை, அச்சம், களைப்பு, எதிராளியின் வலிமை ஆகிய நான்கும் தாளில் ஒரே பிழை நகர்வாகவே நிற்கும். மறுபுறம், ஐயத்துக்குரியவராய் இருந்த அதே மனிதர் 1947, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் சோவியத் வாகையரானார் என்பதும் உண்மை. எனவே கட்டளை இருந்ததா என்பதைக் காட்டிலும், கட்டளையே தேவைப்படாத ஒரு சூழலில் இருவரும் சமநிலையில் அமர்ந்தனரா என்பதே வரலாற்று மாணவர் எழுப்பத்தக்க வினா.

பின்னர் 1953, 1956, 1959, 1962 என நான்கு கேண்டிடேட்ஸ் போட்டிகளில் தொடர்ந்து இரண்டாமிடமே வாய்த்தது. 1962இல் பெத்ரோசியனுக்கும் அவருக்கும் இடைவெளி அரைப் புள்ளி. 1975இல், கனடாவில் ஒரு போட்டியில் வென்று ஊர் திரும்பும் வழியில், ஹெல்சிங்கியில் காலமானார். எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றதும் அச்சிட்ட 5 குரோன் தாளில் அவருடைய உருவம் இடம்பெற்றது. உலக வாகையர் ஆகாத ஒருவரை அந்நாடு தன் நாணயத்தில் பொறித்தது. 'சோவியத்' என்னும் அடைமொழி அங்கே இல்லை.