ஏறுதழுவல் வரலாறும் காளையின் வலியும்: 2014 தீர்ப்பின் வாசிப்பு குறித்து

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சல்லிக்கட்டுகளில் காளை படும் துன்பம் நீதிமன்றத்தின் முன் விரிவாக வைக்கப்பட்டது இந்த நூற்றாண்டில்தான். 2006 மார்ச் 29 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஆர். பானுமதி, ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கோரிய வழக்கில் சல்லிக்கட்டையும் சேர்த்துத் தடைசெய்தார். 2007இல் அத்தடை நீங்கியது; 2009இல் மாநில ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது; 2011 ஜூலையில் நடுவண் அரசு காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தது.

நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் எழுதிய அத்தீர்ப்பில் இரு இழைகள் உண்டு. வலியைப் பற்றிய பகுதி உறுதியானது. விலங்கு நல வாரியம் மேற்சொன்ன மூன்று ஊர்களிலும் 2013 சனவரியில் கண்டவற்றை அது எடுத்துக்கொண்டது. வாடிவாசலுக்குள் காளையின் வாலை முறுக்குகிறார்கள், கடிக்கிறார்கள். வால் எலும்பு விலகுகிறது, முறிகிறது. கண்ணிலும் மூக்கிலும் எரிச்சலூட்டும் பொருளைத் தடவுகிறார்கள். காளை பாய்வது வீரத்தால் அன்று, மிரட்சியால் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு. அதை மறுக்கக் காரணம் இல்லை.

வரலாற்றுப் பகுதி அப்படியன்று. ஏறுதழுவல் காளையை அன்போடு அணைப்பதே என்றும், காளைக்குத் துன்பம் தருவதைத் தமிழ் மரபு ஏற்கவில்லை என்றும் தீர்ப்பு கொண்டது. கலித்தொகையின் முல்லைக்கலி இதற்கு இடந்தரவில்லை. அங்கே கொம்பு உடலைக் கிழிக்கிறது, குடல் சரிகிறது. அந்நூலின் காலத்தை அறுதியிட முடியவில்லை. வையாபுரிப்பிள்ளை அதைப் பிற்பட்டதாகவே கருதினார். எக்காலமாயினும் அதில் வரும் ஏறுதழுவல் மென்மையான அணைப்பு அன்று.

சேலம் பகுதியில் கிடைத்த கருவந்துறை நடுகல்லும் இதையே காட்டுகிறது. காளையோடு ஒருவன் பொருதும் உருவம் கல்லில் உள்ளது. கருவந்துறையில் எருது விளையாடி இறந்த கோவுரிச் சங்கனுக்காக அவன் மகன் நட்ட கல் என்கிறது எழுத்து. அதில் ஆண்டு குறிக்கப்படவில்லை; ஆகவே காலத்தை எழுத்தமைதி கொண்டு தோராயமாகவே சொல்ல இயலும். கலித்தொகைக்கும் இக்கல்லுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்துக்குச் சான்று மிகக் குறைவு என்பதால், ஈராயிரம் ஆண்டு அறுபடாத தொடர்ச்சி என்ற எதிர்த்தரப்பின் வாதமும் தளர்கிறது. ஆனால் இக்கல் ஒன்றைத் தெளிவாக்குகிறது: விளையாட்டில் மனிதன் சாவது நினைவுக்குரியதாக இருந்தது, காளைக்கு என்ன நேர்ந்தது என்பது எழுதப்படவில்லை. மரபு காளையின் வலியை விலக்கவில்லை, கணக்கில் எடுக்கவே இல்லை என்பதே பொருத்தமான வாசிப்பு.

காளைக்கான பாதுகாப்பை இல்லாத ஒரு மென்மரபின்மேல் நிறுத்தியதுதான் தீர்ப்பின் பலவீனம். 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டமே அதற்குப் போதும். 2017 சனவரிப் போராட்டத்தில் விவாதம் முழுவதும் பண்பாட்டைச் சுற்றியே நடந்தது. முறிந்த வால் பேச்சில் பின்தங்கியது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டத்தை 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றது. சல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டின் பகுதியா என்பதை நீதிமன்றம் ஆராய இயலாது என்ற அவ்வமர்வின் நிலை, 2014 வாசிப்பைக் காட்டிலும் வரலாற்று முறைக்கு நெருக்கமானது. புதிய விதிகள் துன்பத்தைப் பெரிதும் குறைக்கின்றன என்ற அதன் மற்றொரு முடிவு களத்தில் சோதிக்கப்பட வேண்டியது.

வாலையும் கொம்பையும் பிடிக்கக் கூடாது, கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பவை அவ்விதிகள். ஒவ்வொரு தைப் பொங்கலிலும் காயமடைந்த வீரர்களின் எண்ணிக்கை செய்தியாகிறது. காயமடைந்த காளைகளின் கணக்கையும் ஊர்வாரியாக மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும்.