வான்தாக்குதல் காவலர்கள் (பிரிட்டன், 1937–1945)

குண்டுவீச்சின்போது பொதுமக்களுக்கு உதவுவதற்காகப் பிரிட்டன் தெருத்தெருவாக அமைத்த தொண்டர் படை. 1937 ஏப்ரலில் தொடங்கியது. ஸ்பெயினின் கெர்னிக்கா நகரம் குண்டுகளுக்கு இரையானதும் அதே மாதம்தான். பெரும்பாலோர் பகலில் பிழைப்பைப் பார்த்துவிட்டு, இரவில் சம்பளமில்லாமல் காவலுக்கு வந்தவர்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவர் பெண்.

1939 செப்டம்பர் 1 முதல் இருட்டடிப்பு அமலுக்கு வந்தது. ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் கசிந்தாலே காவலர் கதவைத் தட்டுவார். மாதக்கணக்கில் லண்டனில் குண்டு எதுவும் விழவில்லை. இருட்டில் வண்டி மோதிச் செத்தவர்கள்தான் மிகுதி. காவலருக்குக் கிடைத்ததெல்லாம் கேலியும் வசவும்.

1940 செப்டம்பர் 7 அன்று நிலைமை தலைகீழானது. அன்று தொடங்கி லண்டன்மீது தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தது. எந்த வீட்டில் யார், எந்த மூலையில் படுப்பார்கள் என்று காவலருக்குத் தெரியும். வீடு இடிந்தால் எங்கே தோண்டவேண்டும் என்று மீட்புப் படைக்குக் காட்ட அந்தத் தகவலே உதவியது. தொலைபேசிக் கம்பி அறுந்தால் சைக்கிள் பையன்கள் செய்தி கொண்டுபோனார்கள்.

ஒதுங்க இடம் கிடைப்பதில் ஏழை பணக்காரர் வேறுபாடு இருந்தது. வளைந்த இரும்புத் தகட்டாலான ஆண்டர்சன் பதுங்கிடத்தைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு இலவசமாகவே தந்தது. ஆனால் அதைப் புதைக்கத் தோட்டம் வேண்டுமே! கிழக்கு லண்டன் நெருக்கடியில் அது ஏது? சுரங்க ரயில் நிலையங்களில் தங்க அரசு முதலில் இசையவில்லை. மக்கள் பயணச்சீட்டு வாங்கி உள்ளே போய், வெளியே வர மறுத்தார்கள், அரசுதான் இறங்கிவந்தது.

தீக்குண்டு ஒரு கிலோ எடைதான். விழுந்த உடனே ஆள் இருந்தால் மணல் போட்டோ கைப்பம்பால் நீர் பீய்ச்சியோ அடக்கிவிடலாம்: ஒருவர் வாளியில் பம்பை அடிக்க, இன்னொருவர் தரையில் படுத்துக் குழாயைப் பிடிப்பார், மூன்றாமவர் தண்ணீர் சுமப்பார். 1940 டிசம்பர் 29, ஞாயிறு இரவு. லண்டன் வணிகப் பகுதி அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. கூரைகளில் போதிய ஆளில்லை. பெருந்தீயில் வட்டாரமே எரிந்தது. தனக்கென்று காவற்குழு வைத்திருந்த புனித பவுல் பேராலயம் தப்பியது. இதன்பின் உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் தீக்காவலைக் கட்டாயமாக்கினார்.

1941 மே மாதம் தாக்குதல் தணிவதற்குள் நாடெங்கும் 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மடிந்தனர். 1943 மார்ச் 3 அன்று லண்டனின் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டில், ஒரு குண்டும் விழாமலே, நெரிசலில் 173 பேர் இறந்தனர். காவலர் படை 1945 மே மாதம் கலைக்கப்பட்டது. அணுகுண்டு அச்சத்தில் 1949இல் உருவான குடிமைப் பாதுகாப்புப் படை 1968 வரை நீடித்தது.