சர்வர் சமையல்கட்டில் நிற்கலாமா?

புனேயில் பொட்டி தட்டும் எனக்கு, இங்குள்ள நம்மூர்க் குடும்பத்துப் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "அங்கிள், அவெய்ட்னு போட்டா புரோகிராம் அங்கேயே நின்னுடும்ல?"

நிற்கும், நிற்காது, ரெண்டும் சரி. இதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போகணும்.

1992ல் வந்த விண்டோஸ் 3.1 ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அந்த மணல் கடிகாரமும் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு புரோகிராமும் 'அடுத்து என்ன செய்தி?' என்று கேட்டுச் சுற்றும் ஒரு லூப்தான். செய்தி இல்லையென்றால் அடுத்தவருக்கு வழி விடணும். ஒருத்தர் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லோரும் அம்போ. 1995ல் விண்டோஸ் 95 தானே நேரத்தைப் பங்கு போட ஆரம்பித்த பிறகுதான் இது குறைந்தது.

யுனிக்ஸ் பக்கம் கதை வேறு. ரீட் என்று கூப்பிட்டால் தகவல் வரும்வரை புரோகிராம் தூங்கிவிடும். பல இணைப்புகளை ஒருசேரக் கவனிக்க, 1983ல் 4.2 பிஎஸ்டியில் செலக்ட் வந்தது. 'இத்தனை பேரில் யார் ரெடி?' என்று ஒரே இடத்தில் காத்திருக்கலாம். என்னைக் கேட்டால் ஈவென்ட் லூப்பின் உயிரே இந்தக் கேள்விதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் மொத்தப் பட்டியலையும் தடவிப் பார்க்கணும். ஒரே கணினி 10,000 பேரைத் தாங்குமா என்று 1999ல் டான் கெகல் கேட்டார். ரெடியானவர்களை மட்டும் சொல்லும் ஈபோல் 2002ல் லினக்ஸில் சேர்ந்தது.

நம்மூர் ஓட்டலில் பரிமாறுபவரும் சர்வர்தானே! தோசை வேகும்வரை கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றால் மேஜைக்கு ஒரு சர்வர் வேண்டும். ஆர்டரைச் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனால் ஒருத்தரே போதும். 2009ல் ரையன் டால் நோட்.ஜேஎஸ்ஸில் செய்தது இதைத்தான். உலாவியில் பிறந்த ஜாவாஸ்கிரிப்டுக்கு நின்று காத்திருக்கும் பழக்கம் கிடையாது (அலர்ட் பெட்டியை விட்டுவிடுங்கள் :-)).

ஆனால் கால்பேக்குக்குள் கால்பேக் எழுதி எல்லோருக்கும் கண்ணைக் கட்டியது. அதற்கு மருந்துதான் அவெய்ட். 2012ல் சி ஷார்ப், 2015ல் பைத்தான், 2017ல் ஜாவாஸ்கிரிப்ட் என்று வரிசையாக வந்தது. அந்த ஃபங்ஷன் மட்டும் விட்ட இடத்தைக் குறித்துவைத்து ஒதுங்கும், லூப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பைத்தானில் அதே இடத்தில் டைம்.ஸ்லீப்(5) போட்டுப் பாருங்கள். அந்த லூப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் 5 விநாடி தோசை கிடையாது. போடவேண்டியது அவெய்ட் அசிங்க்ஐஓ.ஸ்லீப்(5).

சர்வரே மாவாட்ட உட்கார்ந்தால், அதாவது பெரிய கணக்கை லூப்புக்குள்ளேயே போட்டால், அவெய்ட்டும் காப்பாற்றாது. மாவாட்டத் தனி ஆள்தான் வைக்கணும்.