கிருஷ்ணகிரி மலையும் ஒரு பட்டாவும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். திப்பு சுல்தானின் தூதர்கள் 1788-ல் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்து உதவி கேட்ட கதை எனக்குப் பள்ளியிலேயே பழக்கம். அதன் மீதிக் கதை கிருஷ்ணகிரியில் இருப்பது, வேலைக்காக இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஊருக்கு மேலே நிற்கும் சையத் பாஷா மலையைத் தினமும் பார்க்கிறோம். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலத் தளபதி கீழ்க்கோட்டையைப் பிடித்தார். மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். புரட்சியில் சிக்கியிருந்த பிரான்சிலிருந்து திப்புவுக்கு உதவி வரவில்லை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானதும் பாரமகால் முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. சண்டையில் பிடிபடாத மலை கையெழுத்தில் போய்விட்டது. பக்கத்து ஓசூர் 1799 வரை மைசூரோடு இருந்தது.

பிறகு கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் பாரமகாலில் நிலங்களை அளந்து, குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். நாம் இன்று வைத்திருக்கும் பட்டாவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பெரியவர், தாத்தா பெயரில் இருந்த பட்டாவைத் துணியில் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வருவார். ஐம்பது வருடம் உழுதவர். பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. 'அடுத்த வாரம் வாங்க ஐயா' என்று சொல்லி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். பெயர் மாறுவதற்குள் அவர் போய்விட்டார்.

மலையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் துணி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.