காணாக்கடியும் திருமுக்கூடல் கல்வெட்டும்

உத்திரமேரூர்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் உடனே குடவோலைதான் ஞாபகம் வரும். முதலாம் பராந்தகன் காலம், 919, 921, பள்ளிக்கூடப் பாடம். அதைப் பத்தி நிறைய பேர் பேசியாச்சு. இன்னைக்கு அதே ஊர்ப் பக்கத்துல, ஐப்பசி கார்த்திகையில ஏரி ரொம்பின பிறகு வரப்புல நடந்தா காலெல்லாம் தடிச்சு அரிக்குமே, அதைப் பத்திப் பேசப்போறேன்.

எங்க பாட்டி அதைக் ‘காணாக்கடி’ம்பாங்க. கடிச்சது எதுன்னு கண்ணால பார்க்கல, ஆனா தடிப்பு இருக்கு. அழகான சொல். நோயின் பெயரிலேயே ‘எனக்குத் தெரியாது’ என்கிற ஒப்புதல் இருக்கு.

வைத்தியம் கொல்லைப்புறத்திலேயே முடிஞ்சிடும். ஒரு கைப்பிடி குப்பைமேனி இலை, நல்லா கழுவி, ரெண்டு கல் உப்பு, ஒரு துண்டு விரலி மஞ்சள். அம்மியில மைய அரைச்சு தடிப்பு மேல பூசி, காய்ஞ்சதும் கழுவணும். சொறிஞ்சு புண்ணாக்கிட்டு வந்தா உப்பு கிடையாது. வேப்பிலையும் மஞ்சளும் மட்டும்தான். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி பட்டா வெற்றிலைச் சாறு. குளவிக்குச் சுண்ணாம்பு. இதெல்லாம் கேக்குதான்னா, அரிப்பு அடங்கும், ஆமா. ஆனா சாதாரணக் கொசுக்கடி ஒண்ணு ரெண்டு நாள்ல தானாவே அடங்கும். அந்தப் பெருமையில பாதி இலைக்கு, பாதி உடம்புக்குன்னு வச்சுக்கலாம்.

சரி, இதுக்கு வரலாறு எங்கே இருக்கு? உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுற இடத்துல திருமுக்கூடல் இருக்கு. பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. அங்க வெங்கடேசப் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழனோட (ஆட்சி 1063–1070) நீளமான கல்வெட்டு ஒண்ணு இருக்கு. கோயிலைச் சேர்ந்த கல்விச்சாலை, மாணவர்களுக்குச் சோறு, தலைக்கு எண்ணெய், இப்படிச் செலவுக் கணக்கு போயிட்டே இருக்கும். நடுவுல ‘வீரசோழன்’ என்கிற ஆதுலர்சாலை வருது. ஆதுலர்னா நோயாளிகள். 15 பேருக்குப் படுக்கை, ஆளுக்கு தினம் ஒரு நாழி அரிசி, ராத்திரி எரிய ஒரு விளக்கு. விளக்கெண்ணெய் வரைக்கும் கணக்கு எழுதின ஆட்கள் அவங்க!

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது சம்பளப் பட்டியல். வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு தினம் 3 குறுணி நெல், அதாவது வருஷத்துக்கு 90 கலம், கூடவே 8 காசு. அறுவை செய்யற சல்லியக்கிரியைக்காரருக்கு 1 குறுணி. காட்டுல போய் மூலிகை பறிச்சு, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சற ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 1 குறுணி. கவனிச்சீங்களா? நெல்லுக் கணக்குல கத்தி பிடிச்சவரும் தழை பறிச்சவரும் சமம். நோயாளியைப் பார்த்துக்கிட்ட ரெண்டு பெண்களுக்கு மட்டும் அதுலயும் பாதி.

கையிருப்பு மருந்துகள் சுமார் 20. வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம்னு எல்லாம் வடமொழிப் பெயர். வாசா நம்ம ஆடாதோடை, ஹரீதகி கடுக்காய், பில்வம் வில்வம். குப்பைமேனி அந்தப் பட்டியல்ல இல்ல. இருக்கவும் இருக்காது, அது காசு கொடுத்து இருப்பு வைக்கிற மருந்தில்லையே. வீட்டு அம்மி வைத்தியத்துக்கு எவரும் கல் வெட்டல. வைத்தியர் பெயர் கல்லுல இருக்கு, தழை பறிச்ச ரெண்டு பேர் பெயர் இல்ல.

தழை பறிக்கிற வேலை அதோட நிக்கல. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க அந்த அறிவை வச்சிருந்தவங்கள்ல முக்கியமானவங்க இருளர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத்தோல் பிழைப்பு நின்னுபோச்சு. 1978-ல வடநெம்மேலியில பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது, அது எல்லாருக்கும் தெரியும். 1986-ல செங்கல்பட்டு பக்கம் தண்டரையில இருளர் பெண்கள் நலச் சங்கம் தொடங்கி, மூலிகை நாற்றங்காலும் மருந்து தயாரிப்பும் நடத்தினது அவ்வளவா தெரியாது. அந்தப் பெண்களுக்குத் தழையை அடையாளம் காணத் தெரியும், எதைத் தொடக்கூடாதுன்னும் தெரியும்.

அந்த ரெண்டாவது பாதிதான் இப்ப போன்ல சுத்துற குறிப்புகள்ல காணோம். ஆடுதீண்டாப்பாளையை விஷக்கடிக்குக் குடிக்கச் சொல்றாங்க. வேண்டவே வேண்டாம், அதுல இருக்கிற அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். குப்பைமேனியும் மேல் பூச்சுக்குத்தான். அதைச் சாப்பிட்டு, ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளவங்களுக்கு ரத்த அணுக்கள் சிதைஞ்சது இலங்கையில பதிவாகியிருக்கு.

இன்னொண்ணு. மழை முடிஞ்ச மாசங்கள்ல புதர்ல இருக்கிற பொடி உண்ணி கடிச்சா வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. அக்குள்ல, இடுப்பு மடிப்புல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருக்கலாம், பிறகு காய்ச்சல். அது ஸ்க்ரப் டைபஸ். சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாத்திரையில சரியாகும், தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து. நிஜமான காணாக்கடி அதுதான். அதுக்கு அம்மி பக்கம் போகாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. போனா வயக்காட்டுல வேலை செஞ்சதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

திருமுக்கூடல் போறவங்க கோயில்ல அந்தக் கல்வெட்டு எங்கன்னு கேட்டு ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.