வெடியுப்பும் நீதித் தராசும்

சிவகாசிப் பட்டாசின் உயிர்ப்பொருளான வெடியுப்பை முஸ்லிம் அறிஞர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நன்கு அறிந்திருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், மரச்சாம்பலைக் கொண்டு அதைத் தூய்மையாக்கும் முறையைத் தம் நூலில் விவரித்தார். அவ்வறிவு மம்லூக் அரசின் போர்க்கலைக்கு உரியதாக இருந்தது. வெடிமருந்து இருக்கும் இடமெல்லாம் அரசின் கண்ணும் இருக்கும். ஆங்கிலேய அரசு 1884-இல் வெடிபொருள் சட்டத்தை இயற்றியது. விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகள் இன்றும் அச்சட்டத்தின் கீழேயே உரிமம் பெறுகின்றன.

ஆயினும் உரிமம் மட்டும் உயிரைக் காப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏற்பட்ட ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். சட்டம் ஏட்டளவில் நிற்கும்போது எளியவர் நாடுவது நீதிமன்றத்தையே. சிவகாசிச் சிறார் தொழிலாளர் குறித்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது.

2015-இல் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால், தில்லியின் காற்று மாசைச் சுட்டிப் பட்டாசுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. நீதிபதிகள் வேதியியல் கற்றவர்கள் அல்லர். எனவே அறிந்தவர்களிடம் கேட்டார்கள். 2018 அக்டோபர் 23-இல் வந்த தீர்ப்பு முழுத் தடையை மறுத்தது. பேரியம் உப்புகளையும் சரவெடியையும் விலக்கியது. மாசு குறைந்த பட்டாசை அனுமதித்தது. அதற்கான கலவைகளை நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் உருவாக்கினர். ஆனால் சரவெடி பின்னியே பிழைத்த கைகளுக்கு அத்தீர்ப்பு வேலையிழப்பாகவும் வந்தது. தில்லிக் குழந்தையின் மூச்சும் சிவகாசித் தாயின் அடுப்பும் ஒரே தராசில் ஏறின.

அத்தராசைப் பிடிப்பவர் ஆள்பவருக்கும் கூட்டத்திற்கும் அஞ்சாதவராக இருக்க வேண்டும். கலீஃபா அல்மன்ஸூர் காழிப் பதவியை ஏற்குமாறு வற்புறுத்தியபோது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மறுத்தார்கள்; அதற்காகச் சிறைப்பட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 150-இல் மறைந்தார்கள்.

அம்மறுப்பு அறிஞர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கு விதி உண்டு. அதை மீறச் சொன்னால், "முடியாது" என்று சொல்ல ஆலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம். அவ்வாறு சொன்னதற்காக ஒருவரின் கூலி நின்றால், அக்குடும்பத்தின் அடுப்பு அணையாமல் காப்பது நம் மஹல்லாவின் பொறுப்பாகட்டும்.